ஃபார்மேட் போடுவதற்கு முன்னால் பேட்டரியைப் பாருங்கள்

கேள்வி: 2012ல் வாங்கிய அசெம்பிள்டு கம்ப்யூட்டர். எச்61 மதர்போர்டு, ஐ3-2120 பிராசசர், 2 ஜிபி ரேம் இரண்டு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வருவதில்லை. மூன்று நான்கு தடவை அணைத்துப் போட்டால் வருகிறது. வந்தாலும் எஃப்1 அழுத்தச் சொல்கிறது, தேதி எங்கோ பழைய வருடத்துக்குப் போயிருக்கிறது. ஒரு வாரமாக விண்டோஸ் சின்னம் வந்ததும் நீலத்திரை ஒரு கணம் மின்னிவிட்டு ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. சர்வீஸ் கடையில் "விண்டோஸ் போய்விட்டது, ஃபார்மேட் பண்ண வேண்டும்" என்கிறார்கள். அப்பாவின் பத்து வருடக் கடைக் கணக்கு டேலியில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் விண்டோஸ் மேல் தப்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. இரண்டு கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன என்பது என் கணிப்பு. ஒன்று எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி. இன்னொன்று மதர்போர்டில் காசு மாதிரி உட்கார்ந்திருக்கும் பேட்டரி. நீலத்திரை பெரும்பாலும் அந்தப் பேட்டரியின் கைங்கரியம்தான். அது எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் கணக்கு. எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் இருக்கும்போது அதே மெஷினை ஆன் செய்து, ஆஃப் செய்து சோதித்துக்கொண்டிருப்பது ஹார்ட் டிஸ்க்குக்கு நல்லதில்லை. டிஸ்க்கைக் கழற்றுங்கள், நான்கு ஸ்க்ரூ, இரண்டு கேபிள், அவ்வளவுதான். வேறு ஒரு டெஸ்க்டாப்பில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டிக் காப்பி எடுக்கலாம். லேப்டாப்தான் இருக்கிறது என்றால் சாட்டாவிலிருந்து, அதாவது ஹார்ட் டிஸ்க்கை மாட்டும் இணைப்பிலிருந்து, யுஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் வேண்டும். இதில் ஒரு விஷயம் கவனியுங்கள்: டெஸ்க்டாப்பில் இருப்பது மூன்றரை அங்குல டிஸ்க், அதற்கு 12 வோல்ட் தேவை. யுஎஸ்பி கேபிளில் 5 வோல்ட்தான் வரும். அதனால் தனியாகச் சுவரில் செருகும் பவர் அடாப்டரோடு வரும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் கேபிள் மட்டும் இருப்பது லேப்டாப் டிஸ்க்குக்கானது. உங்கள் டிஸ்க் அதில் சுற்றவே சுற்றாது, டிஸ்க் செத்துவிட்டது என்று நீங்கள் பயந்துவிடுவீர்கள்.

மாட்டியதும் "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று ஒரு பெட்டி வந்தால் கேன்சல். ஃபோல்டரைத் திறக்க அனுமதி கேட்டால் கண்டினியூ கொடுக்கலாம். டேலியின் டேட்டா ஃபோல்டருக்குள் 10000 என்பது போல எண்களையே பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கம்பெனியின் கணக்கு. தனித்தனியாகப் பொறுக்க வேண்டாம், டேட்டா ஃபோல்டரை அப்படியே முழுதாக எடுங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள்.

சரி, காப்பி கையில் இருக்கிறது. இனி நிதானமாகப் பார்க்கலாம்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான். திரையில் எழுத்து வருவதற்கு முன்பே நின்றால் அதில் விண்டோஸுக்குச் சம்பந்தமே கிடையாது. டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டாலும் அந்த முதல் திரை வந்தாக வேண்டும். பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் மதர்போர்டிலேயே ஓடும் துவக்கப் புரோகிராம், அதன் திரை வந்து, "பூட் டிவைஸ் இல்லை" என்கிற மாதிரி செய்தியோடு நின்றால் டிஸ்க், கேபிள், பூட் வரிசை. விண்டோஸ் சின்னம் வந்தபிறகு விழுந்தால் டிரைவர், டிஸ்க், ரேம், பயாஸ் செட்டிங். உங்களுடையது முதல் இடத்திலும் மூன்றாவது இடத்திலும் இடறுகிறது. அதனால்தான் கோளாறு இரண்டு என்கிறேன்.

முதல் இடறல், அதாவது காலையில் ஃபேன் சுற்றியும் டிஸ்ப்ளே வராதது. ஃபேன் சுற்றுவதால் பவர் சரியாக இருக்கிறது என்று எல்லோருமே நினைக்கிறோம். அது அப்படியில்லை. ஃபேனுக்கு 12 வோல்ட் கிட்டத்தட்ட வந்தாலே போதும், சுற்றிவிடும். பிராசசர் அப்படிக் கிளம்பாது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் நிலைபெற்றபிறகு, சாம்பல் நிறக் கம்பி ஒன்றில் 'பவர் குட்' என்ற சிக்னல் மதர்போர்டுக்குப் போகும். பட்டனை அழுத்தி அரை நொடிக்குள் நடக்கிற காரியம் இது. அந்தச் சிக்னல் வரும்வரை போர்டு பிராசசரை ரீசெட்டிலேயே பிடித்து வைத்திருக்கும். ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், உள்ளே ஒருவரும் வேலையை ஆரம்பித்திருக்க மாட்டார்கள்.

பிறகு ஏன் மூன்றாவது தடவை வருகிறது? எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள், நம் மெக்கானிக்குகள் கண்டன்சர் என்பார்களே அவை, பத்து வருடச் சூட்டில் உள்ளே இருக்கும் திரவம் காய்ந்து பலவீனமாகியிருக்கும். திரவம் காயக் காய அதன் உள் மின்தடை கூடும். குளிர்ந்து கிடக்கும்போது அந்தத் தடை இன்னும் அதிகம். ராத்திரி முழுக்க அணைந்து கிடந்து காலையில் பட்டனை அழுத்தும்போது அதனால் வோல்டேஜைச் சீராக்க முடிவதில்லை. ஒவ்வொரு முயற்சியிலும் மின்சாரம் ஓடிக் கொஞ்சம் சூடாகிறது, தடை குறைகிறது, மூன்றாவது நான்காவது முறை எல்லை தாண்டிவிடுகிறது. கிளம்பிவிட்டால் அன்று முழுக்க ஒழுங்காக ஓடும். மதியம் ரீஸ்டார்ட் செய்தாலும் வரும். உங்களுக்கும் அப்படித்தானா என்று கவனியுங்கள். ஆம் என்றால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி.

இதை நான் ஒருமுறை தப்பாகக் கணித்து மானம் போயிருக்கிறது. தெரிந்தவர் ஒருவரின் டிடிபி சென்டரில் இதே கதை. காலை பத்து மணிக்குப் போனேன். அதற்குள் அவர் பத்துத் தடவை பட்டனை அழுத்தி அலுத்திருந்தார். நான் ரேமை மாற்றினேன், உடனே டிஸ்ப்ளே வந்தது. அணைத்துப் போட்டேன், வந்தது. ரேம்தான் என்று சொல்லிக் காசும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போன். மெஷின் அவர் அழுத்திய அழுத்தலிலேயே சூடாகியிருந்தது. நான் ரேமுக்குப் பதில் தேங்காய் உடைத்திருந்தாலும் அது வந்திருக்கும். அதிலிருந்து இந்த மாதிரிக் கேஸை நான் காலையில் முதல் அழுத்தலில் மட்டும்தான் நம்புவது. நீங்களும் எதை மாற்றினாலும் ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் முதல் அழுத்தலில் வருகிறதா என்று பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும்.

எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க இணையத்தில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைக்கும் வித்தை ஒன்று சொல்வார்கள். 24 முனைக் கனெக்டரில் பச்சையைக் கறுப்போடு சேர்த்தால் மதர்போர்டு இல்லாமலே எஸ்எம்பிஎஸ் ஆன் ஆகும். அது செத்துவிட்டதா இல்லையா என்பதற்கு அந்தச் சோதனை போதும். உங்கள் பிரச்சினைக்குப் போதாது, ஏனென்றால் சுமை இல்லாதபோது நோஞ்சான் எஸ்எம்பிஎஸ்கூட மல்டிமீட்டரில் அழகாக 12 காட்டும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, காலியாகத் தொங்கும் நான்கு முனை கனெக்டரில் அளவெடுங்கள். கறுப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே 11.4 முதல் 12.6 வரை, கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே 4.75 முதல் 5.25 வரை இருக்க வேண்டும். ஐந்து சதவீதம் கூடக்குறைய அனுமதி. இதிலும் அந்த முதல் அரை நொடியில் நடப்பது மல்டிமீட்டருக்குத் தெரியாது. அளவு வெளியே போனால் எஸ்எம்பிஎஸ் குற்றவாளி என்று சொல்லலாம். உள்ளே இருந்தால் நிரபராதி என்று சொல்லிவிட முடியாது. நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு ராத்திரி மாட்டிவிட்டுக் காலையில் பார்ப்பதற்கு இணையான சோதனை வேறில்லை.

அதைத் திறந்து கண்டன்சர் மாற்றலாமே என்றால், டிவி, ரேடியோ ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுங்கள், நீங்கள் வேண்டாம். 230 வோல்ட்டை உள்ளே நேர்மின்சாரமாக மாற்றும்போது அது 325 வோல்ட் அளவுக்கு ஏறிப் பெரிய கண்டன்சரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கியபிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். புதிதாகவே வாங்கிவிடுவது நல்லது. உங்கள் மெஷினில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்றால் அது இழுக்கும் மின்சாரம் அதிகமில்லை; பெட்டியில் 450, 500 என்று பெரிதாக எழுதியிருப்பதைவிட ஒரு நம்பகமான கம்பெனியின் சின்ன எஸ்எம்பிஎஸ் மேல். அப்புறம், பழைய எஸ்எம்பிஎஸ் சிலவற்றின் பின்னால் 115, 230 என்று சிவப்பாக ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். சுத்தம் பண்ணும்போது அதைத் தெரியாமல் 115க்குத் தள்ளிவிட்டால் அடுத்த அழுத்தலில் ஒரு டமார் சத்தம் கேட்கும், கதை முடிந்துவிடும்.

மதர்போர்டிலும் கண்டன்சர்கள் உண்டு. தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருக்கிறதா, பழுப்பாகக் கசிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 2000களின் முதல் பாதியில் வந்த போர்டுகளில் இது ஒரு கொள்ளைநோய் மாதிரியே இருந்தது. எச்61 காலத்தில் பிராசசரைச் சுற்றிப் பல போர்டுகளில் திட வகைக் கண்டன்சர் வந்துவிட்டது. அவை அப்படி உப்புவது அபூர்வம்.

ரேமை நான் விட்டுவிடவில்லை, அது இரண்டாவது சந்தேகம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, இரண்டையும் கழற்றுங்கள். பொன்னிற முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊதினால் எச்சில் ஈரம் படும். ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள், அப்புறம் மற்றதை. இதில் ஒரு நல்ல தந்திரம் உண்டு. மதர்போர்டில் செருகும் சின்ன பீப் ஸ்பீக்கர் ஒன்று மலிவாகக் கிடைக்கும். அதை மாட்டி, ரேம் ஒன்றுமே இல்லாமல் ஆன் செய்யுங்கள். நீளமான பீப்கள் திரும்பத் திரும்பக் கேட்டால் பிராசசரும் பயாஸும் உயிரோடு இருந்து "ரேம் எங்கே" என்று கத்துகின்றன; பவர், போர்டு, பிராசசர் மூன்றும் அந்த நிமிடத்தில் வேலை செய்கின்றன என்று அர்த்தம். காலையில் முதல் அழுத்தலில் அந்தக் கத்தல்கூட வரவில்லை, நாலாவது அழுத்தலில் வருகிறது என்றால், ரேம் வெளியே மேசைமேல் இருக்கும்போதே கோளாறு நடந்திருக்கிறது. ரேம் விடுதலை. எனக்கு அன்று டிடிபி சென்டரில் இது தோன்றாமல் போனதுதான் வருத்தம்.

மானிட்டரைச் சந்தேகப்பட ஒரே ஒரு சோதனை போதும்: டிஸ்ப்ளே இல்லாத நேரத்தில் கீபோர்டில் 'Num Lock' கீயை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே எல்லாம் நடக்கிறது, படம்தான் வரவில்லை. விளக்கு அசையாவிட்டால் மானிட்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

இனி இரண்டாவது இடறல்.

அந்தக் காசு பேட்டரியின் பெயர் சிஆர்2032. 20 மிமீ விட்டம், 3.2 மிமீ கனம், அதுதான் பெயரில் இருக்கும் எண். 3 வோல்ட். தேதி, நேரம், நீங்கள் பயாஸில் மாற்றி வைத்த செட்டிங் எல்லாவற்றையும் மின்சாரம் இல்லாத நேரத்தில் காப்பது இதுதான். சுவரில் ஸ்விட்ச் ஆனில் இருந்தால், கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் ஊதாக் கம்பி வழியாக 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரிக்கு அப்போது வேலை இல்லை. நம் வீடுகளில் படுக்கப் போகும்போது ஸ்விட்ச் போர்டிலேயே அணைத்துவிடுவோம். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த நேரமெல்லாம் கடிகாரம் பேட்டரியைத்தான் தின்கிறது. அதனால்தான் பகலில் ரீஸ்டார்ட் செய்தால் தேதி சரியாக இருந்து, மறுநாள் காலையில் மட்டும் பழைய வருடத்துக்கு ஓடிவிடும்.

தேதி போனால் போகட்டும், சரி செய்துகொள்ளலாம் என்று இத்தனை நாள் எஃப்1 அழுத்தியிருப்பீர்கள். பேட்டரி பலவீனமாகிக்கொண்டே வந்து, ஒரு வாரம் முன்னால் தேதியோடு மற்ற செட்டிங்குகளையும் கைவிட்டிருக்கிறது. அதில் சாட்டா மோட் என்று ஒன்று இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை. ஐடிஇ என்றும் ஏஎச்சிஐ என்றும் இரண்டு இருக்கும். 2012ல் உங்களுக்கு அசெம்பிள் செய்தவர் ஏஎச்சிஐக்கு மாற்றி வைத்து விண்டோஸ் போட்டிருந்தால், விண்டோஸ் 7 அந்த முறைக்கான டிரைவரை மட்டும் துவக்கத்தில் ஏற்றும்படி வைத்துக்கொள்ளும். சில போர்டுகளில் கம்பெனி செட்டிங் ஐடிஇ. பேட்டரி செத்ததும் போர்டு அங்கே போய்விடும். விண்டோஸ் பாதி எழுந்து, தன் டிஸ்க்கைத் தேடி, கிடைக்காமல் நீலத்திரை காட்டும். விண்டோஸில் ஒரு ஃபைல்கூடக் கெட்டிருக்காது.

ஊகம்தானே என்று நீங்கள் கேட்கலாம். சோதித்துவிடலாம். விண்டோஸ் சின்னம் வருவதற்கு முன் எஃப்8ஐத் தட்டிக்கொண்டே இருங்கள். வரும் பட்டியலில் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரி ஒன்று, டிசேபிள் ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட் என்று தொடங்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் நீலத்திரை நின்று பேசும். 'ஸ்டாப்' என்பதற்குப் பக்கத்தில் உள்ள நீண்ட எண் 7பி என்று முடிகிறதா பாருங்கள். முடிந்தால், துவக்க டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று பொருள்.

முதலில் பேட்டரியை மாற்றுங்கள், எழுத்து உள்ள பக்கம் மேலே. பழையதை மல்டிமீட்டரில் வைத்தால் 2.7 வோல்ட்டுக்கும் கீழே காட்டும் என்று நினைக்கிறேன். பிறகு டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள் போய்த் தேதியைச் சரி செய்யுங்கள். சாட்டா மோட் என்ன காட்டுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு மற்றதற்கு மாற்றுங்கள். பூட் வரிசையில் ஹார்ட் டிஸ்க் முதலில் இருக்கிறதா பாருங்கள், அதுவும் கலைந்திருக்கலாம். எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். போனமுறை பாதியில் விழுந்ததால் ஸ்டார்ட்டப் ரிப்பேர் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம், ஸ்டார்ட் விண்டோஸ் நார்மலி கொடுங்கள். விண்டோஸ் எழுந்தால் முடிந்தது. மீண்டும் நீலத்திரை என்றால் பழைய மோடுக்கே திருப்பிவிடுங்கள். இந்த மாற்றம் டிஸ்க்கில் இருக்கும் எதையும் தொடுவதில்லை.

இரண்டு மோடிலும் 7பி வந்தாலோ வேறு எண் வந்தாலோ அடுத்து டிஸ்க்கின் உடல்நிலை. லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து துவக்கி, டிஸ்க்ஸ் என்ற புரோகிராமில் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியலை, பாருங்கள். நான் பார்ப்பது மூன்று வரிசை. எண் 5, ஏற்கெனவே கெட்டு மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னச் சின்னக் கட்டங்கள்). எண் 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டார்கள். இந்த இரண்டும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி; நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள், அதன்மேல் செக் டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சோதனையை ஓட்டி அலைக்கழிக்கவும் வேண்டாம். மூன்றாவது எண் 199. அது ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் மேல் குற்றமில்லை, சாட்டா கேபிள்தான் தளர்ந்திருக்கும். கேபிளை மாற்றிவிட்டு ஏற்றம் நின்றுவிட்டதா என்று பார்க்கலாம். பழைய எண்ணிக்கை அப்படியே இருக்கும், குறையாது.

இன்னும் ஒன்று, உங்களுக்கு இல்லை, ஆனால் இதே மாதிரி மெஷின் வைத்திருக்கும் யாருக்காவது உதவும். ஆன் ஆகி நாலைந்து நொடியில் தானாக அணைந்துவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றுவதற்கு முன்னால் கேபினட்டின் பவர் பட்டனைப் பாருங்கள். தூசியில் உள்ளேயே சிக்கிக்கொண்டிருந்தால், நீங்கள் விடாமல் அழுத்திக்கொண்டிருப்பதாக நினைத்து போர்டு நாலு நொடியில் அணைத்துவிடும்.

எல்லாம் செய்தும் காலையில் படுத்துக்கொண்டால், அதாவது புது எஸ்எம்பிஎஸ், புது பேட்டரி, ஒரே ஒரு ரேம், டிஸ்க் இல்லாமல், அப்போதும் முதல் அழுத்தலில் டிஸ்ப்ளே இல்லை என்றால் மதர்போர்டுதான். அந்த இடத்தில் நான் செலவை நிறுத்திவிடுவேன். ஐ3-2120க்கு இனிப் புது போர்டு தேடுவது செத்த மாட்டுக்குப் புல் வாங்குவது. ஆனால் உங்கள் மெஷின் அந்த நிலைக்கு வந்திருப்பதாகத் தோன்றவில்லை. பேட்டரி, எஸ்எம்பிஎஸ் இரண்டிலேயே எழுந்துவிட்டால், மிச்சக் காசுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு விண்டோஸை அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். எச்61ல் சாட்டா வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட்தான், இருந்தாலும் அப்பாவுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அதனால் அதில் கணக்கு மட்டும் பார்க்கட்டும், பேங்க் வேலையை வேறு மெஷினில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.